மேலிடத்தின் காலி பெஞ்ச்

நான் நாவல் எழுதுகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். எங்கே வந்திருக்கிறது? அதில் நாங்கள் இருக்கிறோமா? முதல் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

எனக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். தூரத்து எழுத்தைப் படிக்கவைத்துச் சோதிப்பது முதலாளி. அதற்கு அவரிடம் இருட்டறை இருக்கிறது, மெஷின் இருக்கிறது, தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஒரு கம்பீரம் இருக்கிறது. கையில் பிடித்துப் படிக்கும் எழுத்தைச் சோதிப்பது நான். எனக்கு ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஓர் அட்டை. வருகிறவரின் மூக்கில் வட்டச் சட்டம் ஒன்றை மாட்டி, அதில் லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அட்டையில் மேலே பெரிய எழுத்து, இறங்க இறங்கச் சின்ன எழுத்து, அடியில் எறும்பு எழுத்து. எறும்பு வரை இறங்கிவிட்டால் பவர் சரி.

லென்ஸ்கள் சின்னக் காகித உறைகளில் வரும். லென்ஸை எடுத்தபின் மற்றவர்கள் உறையைக் குப்பையில் போடுவார்கள், நான் பையில் போட்டுக்கொள்வேன். என் நாவல் முழுக்க அந்த உறைகளில்தான் இருக்கிறது. ஓர் உறையில் மூன்று நான்கு வரி பிடிக்கும். அதற்கு மேல் நீண்டால் அந்த வாக்கியத்தில் ஏதோ கோளாறு என்று நான் புரிந்துகொள்வேன். காலையில் வீடு எழுந்திருக்கும் முன்பு சமையலறை மேஜையில் உறைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வரிசைப்படுத்துவேன். முடிந்ததும் எல்லாம் ஷூ டப்பாவுக்குள் போய்விடும்.

எழுதும்போது லென்ஸ் இல்லாத வெறும் ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொள்வது என் வழக்கம். கண்ணில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது மூக்கில் ஏறினால்தான் எழுத்து கையில் இறங்குகிறது, என்ன செய்ய? என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறவர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு என் இமையைத் தொடுவார். "எழுத்தாளரம்மா, கண்ணாடி அழுக்கா இருக்கு, தொடச்சு விடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கப் போவார்.

வீட்டில் மூன்றாவது ஆள் அண்ணி, வீட்டுக்காரரின் அக்கா. டாக்சி கம்பெனியில் மைக் முன்னால் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்கிறவர். டிரைவர்கள் அண்ணிக்கு வைத்த பெயர் கன்ட்ரோல். வீட்டில் மைக் கிடையாது என்பதை இன்றுவரை அண்ணியிடம் யாரும் சொல்லவில்லை. குளியலறையிலிருந்து துண்டு கேட்டால் எதிர்வீட்டுக்காரர்கூட எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் போலிருக்கும். அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஏதோ சோகம் இருக்கும், கிளறுவானேன் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

என் நாவலின் கதாநாயகி முதலில் அண்ணி இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கும் ஒரு மெல்லிய பெண். பார்த்தாள், பார்த்தாள், பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பற்றி நான் பெருமையாகத்தான் இருந்தேன், அட்டை விஷயம் வரும்வரை.

கடைக்கு லென்ஸ் கம்பெனி கொடுத்திருந்த பழைய அட்டையில் ஆமை முயலை ஜெயித்த கதை இருந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். சுத்தமாகக் கண் தெரியாதவர்கூடக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, பார்வை பிரமாதம் என்று எழுந்து போய்விடுவார். மறுநாள் மாத்திரை அட்டையில் எழுத்தே இல்லை என்று சண்டைக்கு வருவார். யாருக்கும் தெரியாத கதை வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"யாருக்கும் தெரியாத கதைக்கு எங்கம்மா போறது?" என்றார்.

"என்கிட்ட இருக்கு சார்."

அப்படித்தான் எனக்கு வாசகர்கள் கிடைத்தார்கள். வாராவாரம் கடை பிரிண்டரில் ஒரு புது அட்டை அடிப்பேன். முன்பின் தெரியாதவர்கள் சட்டத்தை மூக்கில் சுமந்துகொண்டு என் வரிகளைச் சத்தமாகப் படித்தார்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் கண்ணைக் குறை சொல்வார்கள். குறை கண்ணில் இல்லை, வாக்கியத்தில் என்று எனக்குத் தெரியும். அன்று மாலையே திருத்திவிடுவேன்.

ஜன்னலோரப் பெண் அட்டையில் ஏறிய வாரம் வந்தவர்களெல்லாம் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் சட்டத்தோடு தூங்கியே போனார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவரைத் தட்டி எழுப்பிப் பார்வை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் இடத்தை நிரப்புவதற்காக அண்ணியின் சாயலில் ஒருத்தியைப் பற்றி நாலு வரி போட்டேன். படித்தவர்கள் சிரித்தார்கள். முடிந்ததும் மீதி பின்னால் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். மழையும் நின்றது.

அண்ணியை அப்படியே தூக்கிப் போட நான் என்ன மடச்சியா? டாக்சி கம்பெனியை ரயில்வே ஸ்டேஷன் ஆக்கினேன். மைக்கில் ரயில்களை அறிவிக்கிறவள் என்றேன். உயரத்தைக் கூட்டினேன், இடது கன்னத்தில் ஒரு மச்சம் வைத்தேன். மச்சம் வைத்துவிட்டால் ஆள் அடையாளம் தெரியாது என்பது என்னைப் போன்ற புது எழுத்தாளர்களின் நம்பிக்கை. ஸ்டேஷன் ஆட்கள் அவளை 'மேலிடம்' என்று அழைத்தார்கள். அண்ணி சாப்பாட்டு மேஜையில் சொன்னதையெல்லாம் மறுநாள் காலை மேலிடம் சொன்னாள். எனக்கு வேலை மிச்சம்.

ஆனால் நாவல் என்றால் ஒரு சோகம் வேண்டாமா? அதற்காக ஒருவனை உண்டாக்கி, ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டேன். மேலிடம் அவனுக்காகக் காத்திருந்தாள். 'உள்ளே ஒரு காலி பெஞ்ச்' என்று அவள் மனசைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அந்த வரி பிறந்த காலையில் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்காரருக்கு உப்பில்லாத சாப்பாடு போனது, அவரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

அந்தச் சோகத்துக்குக் கடையில் ஒரு ரசிகரும் கிடைத்தார். ஒரு பிளம்பர். குனிந்து குழாயைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியை உள்ளே விட்டுவிடுவார், அதனால் அடிக்கடி வருவார். வந்ததும் முதல் கேள்வி, "ரயிலேறிப் போனவன் திரும்பி வந்தானா?" என்பதுதான்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அண்ணிக்குத் தெரியாது. தெரிந்து, 'என்னைக் கதையிலிருந்து எடு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்கு நாவலே இல்லை. மேலிடம் இல்லாத ஸ்டேஷனில் யார் என்ன செய்யப்போகிறார்கள்? அதைவிடப் பெரிய பயம், அண்ணி என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுவாரோ என்பது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அண்ணிதான். வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் லிஃப்ட் மாதிரி, பட்டனை அழுத்தினால்தான் வருவார்.

இந்த ஆபத்திலிருந்து என்னைக் காப்பாற்றிவந்தது அண்ணியின் கண்தான். கிட்டத்து எழுத்து அண்ணிக்கு மங்கிப்போய் ரொம்ப நாளாகிறது. காகிதத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிப்பார். கை நீளம் போதாமல் போனதும், "இப்பல்லாம் எவனும் ஒழுங்கா அச்சடிக்கறதில்ல," என்றார். ஒரு தடவை கண்ணாடி என்ற பேச்சை எடுத்தேன். "எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?" என்றார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அண்ணியால் படிக்க முடியாதவரை ஷூ டப்பாவை அலமாரியில் திறந்தே வைக்கலாம் என்று ஒரு சின்னப் புத்தி எனக்குள் கணக்குப் போட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள், வீட்டில் ஒருவரைத் தடவவிட்டேன். உறுத்தாமல் இல்லை. உறுத்தும்போதெல்லாம் அண்ணிக்கு இரண்டாவது டீ ஊற்றிக் கொடுப்பேன்.

பிறகு டாக்சி கம்பெனிக்கு ஸ்க்ரீன் வந்தது. அதுவரை ஃபோனில் காதால் கேட்டு மைக்கில் சொன்ன அண்ணி, இனி ஸ்க்ரீனில் வருவதைப் படித்துச் சொல்லவேண்டும். ஒரு நாள் மாலை அண்ணி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார், கை கழுவினார், உட்கார்ந்தார். ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் அன்றுதான் எனக்கு முதல்முதலாகக் கேட்டது.

சமையலறையில் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "வீட்டு நம்பர ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் படிச்சிருக்கா. வண்டி வேற தெருவுக்குப் போயிடுச்சு. ஏர்போர்ட் போறவரு ஃப்ளைட்ட விட்டுட்டாராம். இன்னொரு தடவ ஆச்சுன்னா மைக்ல இருந்து எடுத்து உள்ள பில் அடுக்குற வேலைக்குப் போட்டுடுவாங்களாம்."

 வெளியே வந்து, "நாளைக்குக் கடைக்கு வாங்க அண்ணி," என்றேன். எனக்கென்ன வயசா ஆயிடுச்சு என்று கேட்கமாட்டாரா என்றிருந்தது. "சரிம்மா," என்றார்.

காலையில் சீக்கிரம் போய் வேறு அட்டை அடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அண்ணி எனக்கு முன்னாலேயே தயாராகி வாசலில் நின்றார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். அந்த வாரத்து அட்டையில் என்ன இருக்கிறது என்பதை நினைத்து நான் டிக்கெட் வாங்கக்கூட மறந்தேன். முதலாளி இருட்டறையில் சோதித்துவிட்டு, தூரம் நன்றாக இருக்கிறது, கிட்டத்துக்கு மட்டும் பார்த்துவிடு என்று அண்ணியை என் மேஜைக்கு அனுப்பினார்.

நான் சட்டத்தை மாட்டிவிட்டு, செய்தித்தாளின் கொட்டை எழுத்துத் தலைப்பைக் காட்டினேன். அண்ணி படித்தார். "இது தெரியுதும்மா. ஆபீஸ் ஸ்க்ரீன்ல இதவிடப் பொடி எழுத்து," என்றார்.

"இதே போதும் அண்ணி."

"எப்படிப் போதும்? எல்லாருக்கும் ஏதோ அட்ட குடுப்பியாமே, அது எங்க?"

"இந்தாங்க," என்று காத்திருக்கும் நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. பிளம்பர். மறுபடியும் கண்ணாடியைக் குழாய்க்குள் விட்டுவிட்டு வந்து, அட்டையைத் தூரப் பிடித்துப் படிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சனி சொல்லிக்கொண்டா வருகிறது?

முதல் லென்ஸைப் போட்டேன். அண்ணி பெரிய எழுத்தைப் படித்தார், கடை முழுக்கக் கேட்கும்படி. "'மேலிடம் வாயைத் திறந்தால் ஸ்டேஷன் கூரையில் புறாக்கள் இடம் மாறும். அவள் இடது கன்னத்து மச்சமும் கூடச் சேர்ந்து பேசும்.'" படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லாருக்கே. யாரு எழுதினது?"

நான் இரண்டாவது லென்ஸைத் தேடுவதில் மும்முரமாக இருந்தேன்.

"'சோப்பு தேய்ந்து சில்லாகிப்போனால் அதைப் புதுக் கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவாள். அவள் வீட்டில் எந்தச் சோப்புக்கும் சாவு கிடையாது.'" அண்ணி நிறுத்தினார். சட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். குரல் சட்டென்று இறங்கியது. "இது நம்ம வீட்டு சோப்பு."

"ம்," என்றேன்.

மூன்றாவது லென்ஸ். "'தம்பிக்குக் கல்யாணமான அன்றே தம்பி மனைவியிடம் சொன்னாள்: அவன் குறட்டை விடுவான், விலாவில் ஒரு குத்து விடு, கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.'" அண்ணியின் தோள் குலுங்கியது. "அடிப்பாவி. இத நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?" சிரித்துச் சிரித்துச் சட்டம் மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், மச்சத்தைத் தேடுகிற மாதிரி. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன்?

"கீழ இன்னும் ஏதோ இருக்கே. கலங்கலா தெரியுது."

அடுத்த லென்ஸ் என் கையில் இருந்தது. அதைப் போட்டால் எறும்பு எழுத்து தெரியும். போடாமலும் விடலாம். இந்த மூன்றாவதே போதும், பழகிவிடும் என்று சொன்னால் அண்ணி நம்புவார். செய்தித்தாள் படிப்பார், சோப்பு உறை படிப்பார். ஸ்க்ரீன் மட்டும் கொஞ்சம் மங்கும். ஒரு நாள் வீட்டு நம்பரில் மூன்று எட்டாகும், அன்றைக்கு மைக் போய்விடும்.  லென்ஸின் விளிம்பைத் துடைத்து, சட்டத்தில் செருகினேன்.

"'எல்லா ரயிலையும் அறிவித்தவள், ஒரே ஒரு ரயிலுக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதில் ஏறிப் போனவன் திரும்பவில்லை. சிரிப்பெல்லாம் வெளியே. உள்ளே ஒரு காலி பெஞ்ச்.'"

கடைசி வார்த்தை எனக்கு மட்டும்தான் கேட்டது. அண்ணியால் அவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

"பாவம்ங்க அந்தம்மா," என்றார் பிளம்பர். "அந்த இடம் வந்தா எனக்குத் தொண்ட அடச்சுக்கும். அவன் வந்தானா இல்லையான்னு இவங்களும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"பாவமா?" என்றார் அண்ணி. பிளம்பரிடம் இல்லை, என்னிடம். பிறகு அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தார். "இந்த பவர் சரியா இருக்கு. இதையே போட்டுடு."

மதியத்துக்குள் கண்ணாடி தயாராகி அண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை வீட்டில் கண்ணுக்கு எதிரே இருந்ததையெல்லாம் படித்தார். மின்சார பில், மாத்திரை அட்டை, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம். என்னோடு மட்டும் பேச்சில்லை. ஆபீஸில் இனிப் பிரச்சினை இல்லை என்று தம்பியிடம்தான் சொன்னார். நான் வழக்கம்போல இரண்டாவது டீ ஊற்றப்போனேன். அண்ணி கோப்பையின் வாயைக் கையால் மூடினார். வெந்நீர் என் மேல் கொட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

மறுநாள் கடைக்கு வார விடுமுறை. காலையில் மேஜையில் உறைகளைப் பரப்பினேன், ஃபிரேமை மாட்டினேன், ஓர் எழுத்துகூட வரவில்லை. அண்ணி வந்து எதிரே உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அதுல லென்ஸே இல்லையே."

"இல்ல அண்ணி. எழுதறப்ப சும்மா போட்டுக்குவேன்."

"அதான் தப்பாத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

நான் ஃபிரேமைக் கழற்றி வைத்தேன்.

"என் சத்தத்தப் பத்தி எழுதினே, சரி. சோப்பு, அதுவும் சரி. கஞ்சத்தனம்னு நீ சொல்லு, சிக்கனம்னு நான் சொல்லிக்கறேன். அதுக்கெல்லாம் எனக்குக் கோவம் இல்ல." கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. என்னைப் பாவம்னு நெனச்சுத்தான் தெனமும் ரெண்டாவது டீ ஊத்தினியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அய்யோ, அதுக்கில்ல அண்ணி. உங்களுக்குக் கண்ணாடி வாங்கித் தராம இருக்கேனேன்னு ஊத்தினேன். நீங்க படிச்சுடுவீங்கன்னு பயம்."

 அண்ணி இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்திருப்பவர் மாதிரி இருந்தார். "டீக்குள்ள இவ்ளோ விஷயமா?" என்றார் கடைசியில். "சரி, அது போகட்டும். அவன் யாரு, ரயிலேறிப் போனவன்?"

"சும்மா கற்பன. நீங்க கல்யாணம் பண்ணிக்கலையே, ஏதாவது இருந்திருக்கும்னு."

"இருந்தது. ஒருத்தன் வந்து கேட்டான், நல்ல பையன்தான். எனக்கு வேண்டாம்னு தோணிச்சு, சொன்னேன். ரயில்லயும் போகல, கப்பல்லயும் போகல. வெளியூர் வேலைக்குப் போறேன்னு பஸ் ஸ்டாண்ட் போறதுக்கு எங்க கம்பெனிக்குத்தான் ஃபோன் பண்ணான். நாந்தான் வண்டி அனுப்பினேன். நல்ல டிரைவரா பாத்து அனுப்பினேன்."

"அழலையா?"

"எதுக்கு? அடுத்த ஃபோன் வந்துடுச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எவ்வளவு பாடுபட்டு அவனை ரயிலேற்றினேன். "இப்படிக் கொறையே இல்லாம இருந்தா எப்படி அண்ணி கத எழுதறது? சந்தோஷமா இருக்கறவங்கள வெச்சு என்ன எழுதறது?"

"அது உன் கஷ்டம். எழுத வரலைங்கறதுக்காக எனக்குள்ள பெஞ்சத் தூக்கிப் போடுவியா?" அண்ணி எழுந்தார். "அந்த மைக் முன்னால நான் எப்படி இருப்பேன்னு ஒரு நாளாவது வந்து பாத்திருக்கியா? இன்னைக்கு உனக்கு லீவுதானே. வா."

டாக்சி கம்பெனி ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நீள அறை. ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் அண்ணியின் நாற்காலி. நான் தடுப்புக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். டிரைவர்கள் சிலர் வாசலில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். ஒருவர் செய்தித்தாள் படித்தார், ஒருவர் நகம் வெட்டினார். அண்ணியின் குரலை எதிர்பார்த்து மற்ற வண்டிகளும் எங்கெங்கோ நின்றுகொண்டிருந்திருக்கும்.

அண்ணி காதில் ஹெட்ஃபோனை மாட்டினார், கண்ணாடியைச் சரிசெய்தார், ஸ்க்ரீனைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி பின் கேட், பெரியவங்க ஏறுவாங்க, மெதுவா போ," என்றார். வாசலில் நகம் வெட்டியவர் பாதியில் எழுந்து ஓடினார். "நீ எங்க நிக்கறேன்னு எனக்குத் தெரியும், டீக்கடைய விட்டுக் கெளம்பு," என்றார் இன்னொருவரிடம். ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் அந்த முகத்தை நான் வீட்டில் பார்த்ததில்லை. கை வேலையில் லயித்து, வேறெதுவும் தேவைப்படாத முகம். நான் காலையில் உறைகளைப் பரப்பும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குறையை எங்கெங்கோ போய்த் தேடி அண்ணி மேல் ஒட்டியிருக்கிறேன், தேய்ந்த சோப்பைப் புதுக் கட்டியில் ஒட்டுகிற மாதிரி.

பையில் ஓர் உறை இருந்தது. ஸ்டூலிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஃபிரேம் இல்லாமலேயே வந்தது.

மறுநாள் ரயிலேறிப் போனவனின் உறைகளையெல்லாம் எடுத்துக் கிழித்தேன். என் காலி பெஞ்சைக் கிழிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. நல்ல வரிதான், யார் இல்லை என்றது? ஆனால் அண்ணியுடையது இல்லை.

அடுத்த வாரம் அண்ணி கடைக்கு வந்தார். கண்ணாடி மூக்கில் அழுத்துகிறதாம். நான் ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தபோது பிளம்பரும் வந்துசேர்ந்தார், இந்தத் தடவை கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு. அதை மாட்டிக்கொண்டு நேராகப் புது அட்டையை எடுத்து அடிவரை படித்தார். திரும்ப மேலே போய்த் தேடினார்.

"அவன் எங்கங்க? ரயிலேறிப் போனவன்?"

"எடுத்துட்டேன்," என்றேன்.

"அப்ப இந்தம்மாவுக்கு என்னதான் கஷ்டம்?"

"ஒண்ணும் இல்ல," என்றார் அண்ணி. "குடுங்க, நானும் பாக்கறேன்."

நான் வளைத்த கண்ணாடியை அண்ணியின் மூக்கில் மாட்டிவிட்டேன். அண்ணி அட்டையை ஒழுங்கான தூரத்தில் பிடித்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். புறாக்கள், மச்சம், சோப்பு, தம்பியின் குறட்டை. எறும்பு எழுத்துக்கு வந்ததும் குரல் இறங்கவில்லை. இருட்டறையிலிருந்து முதலாளியே எட்டிப் பார்த்தார்.

"'அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஸ்டேஷன்தான், அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தது.'"

பிளம்பர் தலையாட்டினார். சோகம் போன வருத்தம் அவருக்கு இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. அண்ணி அட்டையை இன்னொரு தடவை, இந்த முறை வாய்க்குள்ளேயே படித்தார்.  இதுவும் வேண்டாம் என்றால் என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"ஒரே ஒரு தப்பு இருக்கு," என்றார்.

"எங்க அண்ணி?"

"அந்த மச்சத்த எடுத்துடு. படிக்கறவங்களுக்கு நான்னு எப்படித் தெரியும்?"

நான் அங்கேயே பேனாவை எடுத்து மச்சத்தைக் கோடு போட்டு அடித்தேன்.